இரண்டு பெயர் உள்ள வீடு

சேசு மரி சூசை துணை

பாகூர்,
14 மே 2023

தங்கச்சி விஜிக்கு,

அக்கா சகாயராணி எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தாயே, அந்த இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது? ஒரு போன் பேச விட்டால் உங்கள் மடத்துக்கு என்ன குறைந்துவிடும் என்று உன் மாமா கேட்கிறார். மாதம் ஒரு கடிதமாவது எழுத விடுகிறார்களே என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பெண் பிரியதர்ஷினி பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று இருபத்தேழு. காலனியிலேயே இவள்தான் முதல். பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். எஸ்.சி. ஒதுக்கீட்டில் இந்த மார்க்குக்கு அரசாங்க சீட் நிச்சயம் என்று அவள் டீச்சர் சொன்னார்கள். அந்த ஒதுக்கீடு இல்லை என்றால் தனியார் கல்லூரிதான். அதை நாங்கள் வாயால்கூடச் சொல்ல முடியாது. உன் மாமாவுக்கு சேதராப்பட்டில் இன்னும் காண்ட்ராக்ட் வேலைதான். கம்பெனி வேன் விடிவதற்கு முன் வந்துவிடுகிறது.

சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. கம்ப்யூட்டர் சென்டரில் அந்தப் பெண் “ருக்குமணி, ருக்குமணி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பிரியா என் தொடையில் கிள்ளினாள். காகிதத்தில் நான் ருக்குமணி என்பதே எனக்கு மறந்து போகிறது. மாமனார் காகிதத்தில் சாமிக்கண்ணு, மாதா கோயிலில் சூசை. உன் மாமா ஒருவர்தான் இரண்டு பக்கமும் பாக்யராஜ்; அவருக்கு மட்டும் வசதி. கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. இல்லை என்று ஆகிவிடும், அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே வாத்தியார்கள் நம் எல்லோருக்கும் இந்து என்று போட்டு வைத்தார்கள். அந்த வாத்தியார்கள் புண்ணியத்தில் இவளாவது படிக்கட்டும்.

மாமனாருக்கு இருமல் விடவில்லை. வேண்டிக்கொள்.

அக்கா,
சகாயராணி

*

மலையடி மடம், திண்டுக்கல் மாவட்டம்,
4 ஜூன் 2023

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடத்துத் தாயார் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்க்கைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இங்கே சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாது. அதற்காக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பிரியாவிடம் சொல், அவளால் சித்தி முழங்கால் தேய்ந்தது என்று.

மலையில் மழை பிடித்துவிட்டது. கொட்டகையில் ஏழு மாடுகள், இரண்டு சினை. இந்த வருடமும் பூசைக்கு நற்கருணை அப்பம் சுடும் வேலைக்கு என் பெயர் வரவில்லை. மாடுகளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது.

பிரியாவுக்கு மாதா படம் ஒன்று வைத்திருக்கிறேன். சான்றிதழ் வாங்கப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளச் சொல். சூசை தாத்தாவுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் தங்கை,
விஜி

*

துணை

பாகூர்,
28 ஜூன் 2023

விஜிக்கு,

உடம்பு எல்லோருக்கும் பரவாயில்லை. படம் வந்தது. இனிமேல் படம் எதுவும் அனுப்பாதே. உறை மேல் மடத்து முத்திரையும் வேண்டாம். போஸ்ட்மேன் முத்துக்குமரன் தெருமுனையிலேயே “இன்னாக்கா, மலைக் கடுதாசி வந்திருச்சி, தங்கச்சி சாமியாரம்மா சௌக்கியமா?” என்று கூவிக்கொண்டு வருகிறான். நல்ல பையன்தான். ஆனால் கூவுகிறான்.

விஷயம் என்னவென்றால், எங்கள் மேல் யாரோ மனு போட்டிருக்கிறார்கள். பெயர் போடவில்லை. இவர்கள் கிறிஸ்தவர்கள், இந்து என்று பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கப் பார்க்கிறார்கள் என்று எழுதி ஒரு போட்டோவும் வைத்திருக்கிறார்கள். போன வருடம் மாதா கோயிலில் பிரியாவுக்கு உறுதிபூசுதல் நடந்தபோது பஸ் ஸ்டாப்பில் வைத்தோமே, அந்த பிளக்ஸ் பேனர். பிரியா வெள்ளை கவுனில், தலையில் முக்காடு. கீழே தாத்தா சூசை, பெற்றோர் பெயர், ‘சித்தி அருட்சகோதரி’ என்று உன் பெயர். காது குத்துக்கும் பேனர் வைக்கிற ஊரில் நாம் மட்டும் வைக்காமல் இருக்கக்கூடாது என்று நான்தான் ஆசைப்பட்டேன். அந்தப் போட்டோ நம் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும்தான் இருந்தது. ஆக, மனு போட்டது நம் ஆள்தான். பக்கத்து வீட்டுத் தனக்கொடியின் பெண்ணும் அதே சீட்டுக்கு வரிசையில் இருக்கிறாள். தெரியாமல் ஒருவரைச் சொல்லக்கூடாது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். சுவரில் இருந்த படங்களையெல்லாம் முன்பே அரிசி டிரம்மில் போட்டு மூடியிருந்தோம். அவர் சுற்றிப் பார்த்தார், எழுதினார். சேறாக இருக்கிறது, கால் கழுவத் தண்ணீர் வேண்டும் என்றார். உன் மாமா பின்னால் குளிக்கும் தட்டிக்குக் கூட்டிப்போனார். அந்தத் தட்டி எதனால் கட்டியது என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. விசேஷம் முடிந்ததும் பிளக்ஸை வீணாக்காமல் அதைத்தான் கட்டியிருந்தோம், எழுத்துள்ள பக்கம் உள்ளே பார்க்க. உள்ளே போனவர் நிதானமாகக் கால் கழுவினார். வெளியே வந்து, “அம்மா, அந்தத் தட்டியை மாத்துங்க. மழைக்குத் தாங்காது” என்றார். மேல் விசாரணை தேவை என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். தாலுகா ஆபீசில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ இன்னும் கொட்டகையில்தானா? பன்னிரண்டு வருடமாக வேறு வேலையே தரவில்லையா?

அக்கா

*

மலையடி மடம்,
16 ஜூலை 2023

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று இங்கே தினமும் சொல்கிறேன். இந்த மாதம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

நீ சொன்னபடி முத்திரை இல்லாத இன்லேண்டில் எழுதுகிறேன். தாயாரிடம் காரணம் சொல்லவில்லை. உறை தீர்ந்துவிட்டது என்றேன். பொய்தான்.

யோசித்துப் பார்த்தேன். என் பெயர்தானே உங்களுக்கு இடைஞ்சல்? நானே தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். வீட்டில் நான் ஒருத்திதான் என் விருப்பத்துக்கு மதம் மாறி மடத்துக்கு வந்தேன், என் அக்கா குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று. அதுவும் பொய். ஆனால் அதை நான் என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

தாலுகா ஆபீசில் என்ன கேட்டார்கள்? யார் யார் போனீர்கள்? ஒன்று விடாமல் எழுது. பிரியா அழுகிறாளா?

தங்கை,
விஜி

*

பாகூர்,
29 ஜூலை 2023

விஜிக்கு,

நலம். மாமனார் இருமல் அப்படியே. பிரியா அழவில்லை. மடக்கி வைத்த துணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

தாலுகா ஆபீசுக்கு நானும் உன் மாமாவும் போனோம். கேட்டார்கள், சொன்னோம். அதிகாரி கெட்டவர் இல்லை. “கோயில்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இந்தக் குடும்பம் எங்க கோயிலைச் சேர்ந்தது, திருவிழாவுல இவங்களுக்கு இன்ன முறை இருக்குன்னு. அது இருந்தா அந்தப் பேர் இல்லாத மனுவை மூடிடலாம்” என்றார்.

எந்தக் கோயில்? ஊர்த்தெரு மாரியம்மன் கோயில்தான். நான் இங்கே வாழ வந்து பத்தொன்பது வருடம். அதன் கோபுரத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. காலனிக்காரர்கள் தேரடிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வது வழக்கம். கையெழுத்துப் போட வேண்டியவர் தர்மகர்த்தா உலகநாதன். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்புமாகப் பெரிய விவசாயம். மாமனார் சிறு வயதில் அவர்கள் வீட்டில்தான் பண்ணையாள்.

அவர் வீட்டு மாமரத்தடியில் நின்றோம். உட்காரச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் கத்தவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

“இன்னாடா பாக்யராஜ், மாதா கோயில் மணி அடிச்சா ஓடினவங்க நீங்க. இப்ப சர்ட்டிபிகேட்டுன்னதும் மாரியாத்தாவா? பஸ்ஸு மாறுற மாதிரி இல்ல மாறுறீங்க?”

“பொண்ணு படிப்புக்குங்க ஐயா,” என்றார் உன் மாமா.

“படிக்கட்டும்டா. எம் பேத்தியும்தான் படிக்குது. நான் வேணாங்கலியே.”

பிறகு ஒன்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

நீ கடிதம் எதுவும் தாசில்தாருக்கு எழுத வேண்டாம்.

அக்கா

*

பாகூர்,
15 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சித்திக்கு,

நான் பிரியா. நீங்கள் நலமா? மாடுகள் நலமா? சினை மாடு கன்று போட்டதா?

இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அம்மா உங்களுக்குக் கையெழுத்து வந்தது என்று மட்டும்தான் எழுதுவார்கள். எப்படி வந்தது என்று எழுத மாட்டார்கள். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்.

உலகநாதன் அப்பாவிடம் கேட்டது இதுதான். “கோயில்ல உங்க வூட்டுக்கு இன்னா முறை? மொத மேளம் அடிக்கிற முறை. உங்கப்பன் மேளத்தை ஏரியில போட்டான். செய்யாத முறையைச் செய்யறதா நான் எழுதினா அது பொய்க் கையெழுத்து ஆகாதா? என்னைப் பொய் சொல்லச் சொல்றியா? ஆடித் திருவிழாவுல வந்து அடி. அடிச்சா எழுதறேன்.” அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று சொல்லக்கூட முடியவில்லை சித்தி, அதுதான் எரிச்சல்.

தாத்தாவும் இன்னும் ஏழு பேரும் சேர்ந்து இனிமேல் எந்தச் சாவுக்கும் சாமிக்கும் மேளம் அடிக்க மாட்டோம் என்று அதை ஏரியில் போட்டது உங்களுக்குத் தெரியும். நாற்பது வருடம் ஆகிறது. அதற்கு மறு வருடம்தான் ஞானஸ்நானம் வாங்கினார். அப்பாவுக்கு மேளத்தை எந்தத் தோளில் மாட்டுவது என்றே தெரியாது.

திருவிழாவுக்குக் கடலூரிலிருந்து மேள செட்டு வந்திருந்தது. எல்லோரும் மஞ்சள் டீ ஷர்ட், பின்னால் போன் நம்பர். அவர்கள் பிரமாதமாக அடித்தார்கள். மேளத்துக்கு ஆள் இல்லாமல் அப்பாவைக் கூப்பிடவில்லை. முதல் அடி நம் ஊர்க் காலனி ஆள் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். செட்டில் ஒரு அண்ணன் தன் மேளத்தையே அப்பா தோளில் மாட்டிவிட்டு, “இடது கைக் குச்சியை லூசா புடிண்ணே” என்று காதோடு சொன்னார். அப்பா அடித்தார். சத்தமே சரியாக வரவில்லை. கூட்டத்தில் ஒருவன், “ரத்தத்துலயே இருக்கும்னாங்க, இன்னாபா ஒண்ணும் காணோம்!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று அடி. பிறகு ஒரு துண்டை மேலிருந்து அப்பா கையில் போட்டார்கள். கைபடாமல்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா அப்பாவைப் பார்த்து, “கை வலிக்குதா?” என்று கேட்டார். அது கிண்டலா பாசமா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்பாவோடு அவர் பேசவே இல்லை.

எனக்கு இந்த சீட்டே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பி, “உங்கப்பா அடிச்சதைத் திருப்பி எடுத்துட்டு வர முடியுமாடி உன்னால? முடியாதில்ல? அப்ப போய்ப் படி” என்றார்கள்.

பதில் எழுதும்போது நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
பிரியா

*

உ

பாகூர்,
20 ஆகஸ்ட் 2023

விஜிக்கு,

இங்கே அனைவரும் சுகம்.

கையெழுத்து வந்தது. சான்றிதழும் வந்துவிட்டது. பிரியா பெயரில், இந்து என்று போட்டு, பச்சை மையில் கையெழுத்து. அடுத்த மாதம் கவுன்சிலிங்.

மழை இல்லை. ஏரி பாதிதான் இருக்கிறது.

ருக்குமணி

*

மலையடி மடம்,
10 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன் என்று எழுத வேண்டுமா?

உன் கடிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டிருந்தாய். கீழே ருக்குமணி என்று இருந்தது. தாயார் அதை என்னிடம் கொடுக்கும்போது, “உங்கள் அக்கா வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்றார்கள். எழுதிப் பழகுகிறாள் என்றேன். யார் பார்ப்பார்கள் என்று அதைப் போட்டாய்? நான் மட்டும்தானே பார்க்கிறேன்.

மாமா அந்தக் கையெழுத்துக்காக என்ன செய்தார்? ஏன் எழுதவில்லை? நான் மடத்துக்குள் இருப்பதால் எதையும் தாங்க மாட்டேன் என்று நினைக்கிறாயா? நான் எங்கே பிறந்தேன் என்பது எனக்கு இங்கேயும் மறக்கவில்லை. மறக்க விடுவதுமில்லை.

கடைசியாக ஒன்று. தாசில்தாருக்கு நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்கு ஒரே வரியில் வேண்டாம் என்றாய். அதைச் செய்திருந்தால் மாமா யார் வாசலிலும் நின்றிருக்க வேண்டாமே. ஏன் வேண்டாம் என்றாய்?

விஜி

*

பாகூர்,
12 நவம்பர் 2023

விஜிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், நான்கு தாள் கிழித்தேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பிரியாவுக்கு சீட் கிடைத்தது. வில்லியனூர் பக்கம் கல்லூரி, ஹாஸ்டல். வெள்ளைக் கோட்டு தைத்தாயிற்று. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினோம். பாகூர் ஸ்டாப்பில் இறங்கியதும் உன் மாமா, “டீ குடிக்கலாமா?” என்றார். அவ்வளவுதான். ஆனால் பல மாதத்துக்குப் பிறகு அவராக ஒன்று கேட்டது அதுதான்.

மாமா மேளம் அடித்தது உனக்குத் தெரிந்துவிட்டது. பிரியா எழுதியிருப்பாள். என் தாளில் ஒன்று குறைந்திருந்தது. திட்டவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூலையில் தாலுகா ஆபீசில், அந்த பேனர் போட்டோவை மேசை மேல் வைத்து அதிகாரி கேட்டார். “சித்தி அருட்சகோதரின்னு இருக்கே, இது யாரும்மா?”

“என் தங்கச்சிங்க.”

“எங்க இருக்காங்க?”

நான் வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் வந்தது, “செத்துப் போச்சுங்க” என்று. உன் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் தாண்டவில்லை. “எப்போ?” என்றார் அதிகாரி. “பன்னண்டு வருஷம் ஆச்சுங்க” என்றேன். நீ மடத்துக்குப் போன வருடம். டைப் அடிக்கிற பெண் அதை அடித்தாள். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

நீ தாசில்தாருக்குக் கடிதம் எழுத முடியாது விஜி. காகிதத்தில் நீ இல்லை.

திட்டுவதானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

*

மலையடி மடம்,
26 நவம்பர் 2023

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன். திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை எழுத முடியாது. அதனால் இதை அவசரமாக எழுதுகிறேன்.

துறவுக்குக் கடைசி வார்த்தைப்பாடு கொடுத்த அன்று என்னைக் கோயில் தரையில் குப்புறப் படுக்க வைத்து மேலே கறுப்புத் துணி போர்த்தினார்கள். சாவு மணி அடித்தார்கள். உலகத்துக்கு நீ இறந்துவிட்டாய் என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். துணிக்கு அடியில் புழுக்கம் தாங்கவில்லை, தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதனால் நீ தாலுகா ஆபீசில் சொன்னது பொய் இல்லை அக்கா. கொஞ்சம் தேதி முன்னே பின்னே, அவ்வளவுதான். நீ நிம்மதியாகத் தூங்கு.

பிரியாவைத் திட்டாததற்கு நன்றி. கோட்டில் அவளைப் பார்க்க ஆசை. போட்டோ வேண்டாம், அதையும் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

தங்கை,
விஜி

*

பாகூர்,
21 ஜனவரி 2024

விஜிக்கு,

பண்டிகை கழிந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. பொங்கலுக்கு வாசலில் பானை வைத்தோம். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் தலைவலி, ஜுரம் எதுவும் இல்லை.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ஆறுதலுக்கு எழுதினாய், தெரிகிறது. ஆனால் நீ உன் சாமிக்காகச் செத்தாய். அது நீயாகக் கேட்டு வாங்கியது. நான் உன்னைச் சாகடித்தது தாசில்தார் மேசைக்காக. இரண்டும் ஒன்றில்லை விஜி. இருந்தாலும் எழுதினாயே.

உன் மாமாவை இப்போது ஊர்த்தெருவில் ஒவ்வொரு சாவுக்கும் கூப்பிடுகிறார்கள். கார்த்திகையிலிருந்து நாலு. ஆதிமூலம் என்று உலகநாதன் வீட்டு ஆள் பைக்கில் வந்து வாசலில் நின்று ஹாரன் அடிப்பான், இறங்க மாட்டான். “முறைக்காரரே, வாப்பா” என்பான். முதல் தடவை உன் மாமா, ஷிப்ட் இருக்கிறது என்றார். “சர்ட்டிபிகேட் ஒரு தடவை வேணும், முறை மட்டும் வேணாமா? ஐயா லெட்டரைத் திருப்பி வாங்கிக்கவான்னு கேக்கச் சொன்னாரு” என்றான். இவர் போனார். கம்பெனி வேன் இவருக்காக நிற்குமா? மூன்றாவது லீவுக்கு காண்ட்ராக்டர் இவரை நைட் ஷிப்ட்டுக்கு மாற்றிவிட்டான். பிரியா படிப்பு நாலு வருடம். நேற்று சாப்பிடும்போது இவராகவே, “நாலு வருஷத்துல ஊர்த்தெருவுல எத்தினி பேர் சாவாங்க?” என்றார். அவர் கேட்டது கணக்கு மாதிரிதான் இருந்தது. நான் குழம்பு ஊற்றினேன்.

இப்போது நன்றாகவே அடிக்கிறாராம். செட்டுப் பையன்கள் பாராட்டினார்களாம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, தனக்கொடிதான் சொன்னாள். அவள் பெண்ணுக்கு சீட் கிடைக்கவில்லை. சேதராப்பட்டில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகிறது.

மாமனார் படுத்துவிட்டார். கஞ்சி மட்டும்.

அக்கா

*

பாகூர்,
7 மார்ச் 2024

விஜிக்கு,

தவக்காலம், ஈஸ்டர் வரை நீ பதில் எழுத முடியாது என்று தெரியும். பதிலுக்காக எழுதவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம்.

போன ஞாயிறு மத்தியானம் மாமனார் போய்விட்டார். அதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, “உங்க அத்தை பக்கத்துல வெச்சிடும்மா” என்றார். அத்தை மாதா கோயில் கல்லறையில், நம் ஆட்களுக்கு என்று சுவர் கட்டிப் பிரித்த பக்கம் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் நிற்கும் பக்கம். சரி மாமா என்று சொன்னேன். சொல்லும்போதே முடியாது என்று எனக்குத் தெரியும்.

பங்குச் சாமியார் கேள்விப்பட்டு வந்துவிட்டார். வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

“அடக்கப் பூசை வெச்சிடலாம் சகாயராணி. பெரியவர் நாப்பது வருஷம் கோயிலுக்கு வந்தவர்.”

“ரெஜிஸ்டர்ல எழுதுவீங்களா சாமி?”

“எழுதாம எப்படிம்மா அடக்கம் பண்றது?”

“அப்ப வேணாம் சாமி.”

அவர் தலைமாட்டுப் பக்கம் பார்த்து மெதுவாகச் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அதையும் யாராவது பார்த்தார்களா என்றுதான் என் கண் தெருவைப் பார்த்தது. என் மாமனார் சாவில் நான் அழுதுகொண்டிருக்கவில்லை விஜி, காவல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேட்டி கட்டிவிடும்போது அவர் ஜெபமாலையை மடிப்புக்குள் வைத்தேன். தனக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் குனிந்து, வெளியே தெரியாதபடி வேட்டியை இழுத்து முடிச்சுப் போட்டாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மனு போட்டது அவளா என்று நான் இனிமேல் கேட்கப் போவதில்லை.

மூன்று மணிக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. மஞ்சள் டீ ஷர்ட். உலகநாதன் அனுப்பியிருந்தார். “முறைக்காரன் அப்பன், ஊர் மரியாதை, செலவு என்னுது” என்று சொல்லி அனுப்பினாராம். ஆதிமூலம் மாலையோடு இறங்கினான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் வாசலில் வண்டியை விட்டு இறங்கினான்.

உன் மாமா டெம்போவையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் உலகநாதன் முகத்தில் அடித்த மாதிரி. கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார். பிரியாவுக்கு இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது. இவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் அனுப்பியிருப்பார். நான் ஆட்டவில்லை.

போன ஆடியில் கற்றுக்கொடுத்த அதே பையன் வந்து, தயங்கித் தயங்கி, “மொத அடி நீதாண்ணே அடிக்கணும்” என்றான்.

அடித்தார். ஏரிக் கால்வாய் ஓரம் காலனிச் சுடுகாடு வரை அடித்துக்கொண்டே போனார். பிசகவே இல்லை.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இறப்பைப் பதிவு செய்தாயிற்று. பெயர் சாமிக்கண்ணு, மதம் இந்து. சூசை என்று ஒருவர் இறந்ததற்கு எங்கேயும் எழுத்து இல்லை. அங்கே பூசை வைக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லச் சொல். சாமிக்கண்ணுவை இங்கே புதைத்துவிட்டோம்.

பிரியாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது, இருபதாம் தேதிதான் முடிகிறது. தினமும் சாயங்காலம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, “தாத்தா சாப்ட்டாரா?” என்று கேட்கிறாள்.

சாப்பிட்டார் என்று சொல்கிறேன்.

அக்கா